முல்தாதுலியும் அவர்தம் புதினமும்

1860ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு புதினம் வெளிவந்தது. ‘மாக்ஸ் ஹாவெலார், அல்லது டச்சு வாணிகக் கழகத்தின் காப்பி ஏலங்கள்’ என்பது அதன் பெயர். நூலின் முகப்பில் ஆசிரியர் பெயராக முல்தாதுலி என்னும் சொல் காணப்பட்டது. ‘மிகுதியாகப் பொறுத்தேன்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் இரண்டினை இணைத்து ஆக்கிய புனைபெயர் அது. அப்பெயருக்குரியவர், சாவகத் தீவில் அரசுப் பணி பார்த்து, அப்பணியைத் துறந்து, கையில் பொருளின்றி ஐரோப்பாவிற்கு மீண்டிருந்த எடுவார்ட் டௌவெஸ் டெக்கர் என்பவர். நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் நம் முன்னோர் ஒல்லாந்தர் எனக் குறித்த மக்களின் இலக்கியத்தில், இந்நூலைப் போல நாட்டின் வெளியேயும் அறியப்பட்டது பிறிதொன்று இல்லை எனலாம்.

நூல் வெளிவந்த அதே ஆண்டில், அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் வான் ஹூவெல் என்னும் உறுப்பினர் எழுந்து, அண்மையில் தோன்றிய ஒரு நூலால் நாடெங்கும் ஒருவகை நடுக்கம் பரவியிருப்பதாகக் குறிப்பிட்டார். புதினம் ஒன்று பாராளுமன்றத்தில் பேசப்படுவது எல்லா நாட்டிலும் அரிய நிகழ்ச்சியே. ஆயினும் அந்நூலாசிரியர் அதனால் மகிழ்ந்தாரல்லர். நூலை அனைவரும் அழகியது எனப் பாராட்டினர். அதில் கூறப்பட்ட குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என ஆராய ஒருவரும் முன்வந்திலர். தாம் வேண்டியது பாராட்டன்று, விசாரணை என்பதை அவர் இறுதிவரை வலியுறுத்தினார். முறையீடாக எழுதப்பட்ட ஒன்று இலக்கியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவ்வேற்பினாலேயே முறையீடாகக் கேட்கப்படாமற் போயிற்று. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது, நூலின் அமைப்பிற்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது, முறையீடு எத்துணை உண்மையுடையது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

டெக்கர் 1820ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். இலத்தீன் பள்ளியில் சில காலம் பயின்றபின், துணி வாணிக நிலையம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். 1838இல் தந்தையாரின் கப்பலிலேயே கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டு, 1839ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்தாவியாவை அடைந்தார். அந்நகரே இன்றைய ஜகார்த்தா. அங்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1842இல் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள நாதால் என்னுமிடத்திற்கு அலுவலராக அனுப்பப்பட்டார். அங்கே அவர் பொறுப்பிலிருந்த கருவூலத்தில் பணம் குறைந்ததாகக் கணக்குக் காட்டியது. ஆளுநர் மிக்கீல்ஸ் என்னும் படைத்தலைவர் அவரைப் பணியினின்றும் இடைநிறுத்தினார். பாடாங் நகரில் வறுமையுற்று வாழ்ந்த அந்நாட்களில் அவர் ஒரு நாடகம் எழுதினார். குறைந்த பணத்தைப் பின்னர் அவர் ஈடுசெய்தார். அவர் கணக்கில் கவனமற்றவர் என்பதை அவரை வியந்து போற்றுவோரும் மறுப்பதில்லை. இச்செய்தியை நாம் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு: பிற்காலத்தில் அவரை எதிர்த்தோர், அவர் கூறிய குற்றச்சாட்டை விடுத்து அவர் ஒழுக்கத்தைப் பற்றியே பேசினர், அதற்கு நாதால் நிகழ்ச்சி ஒரு கருவியாயிற்று.

1846இல் எவர்டீன் வான் வைன்பெர்கன் என்னும் உயர்குடிப் பெண்ணை மணந்தார். புதினத்தில் தீனெ என வருபவர் இவ்வம்மையாரே. இல்லத்தில் தீனெ என அழைக்கப்பட்டார். மனாடோ, அம்போன் முதலிய இடங்களில் பணியாற்றியபின், 1852 முதல் 1855 வரை தாய்நாட்டில் விடுப்பில் இருந்தார். கடன் பெருகிய நிலையில் மீண்டும் சாவகத்திற்குச் சென்றார். அக்காலத்துத் தலைமை ஆளுநர் தௌமார் வான் ட்விஸ்ட் அவரை நன்கு மதித்து, 1856 சனவரியில் பாந்தன் பகுதியைச் சேர்ந்த லெபாக் மாவட்டத்திற்குத் துணை ரெசிடெண்டாக நியமித்தார். அம்மாவட்டத்தின் தலைநகர் ரங்காஸ்பித்துங். அங்கு அவர் பதவியிலிருந்த காலம் மூன்று திங்கள்கூட நிறையவில்லை. அவருடைய வாழ்வும் எழுத்தும் அவ்விரண்டொரு திங்களையே சுற்றிச் சுழன்றன.

லெபாக்கில் நிகழ்ந்ததை உணர, அக்கால ஆட்சிமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். 1830இல் வான் டென் போஸ் என்பவர் சாவகத்தில் கட்டாயப் பயிர் முறையை ஏற்படுத்தினார். ஒவ்வொரு சிற்றூரும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கினைக் காப்பி, கரும்பு, அவுரி முதலிய ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது அம்முறையின் எழுத்து வடிவம். நடைமுறையில் நிலமும் உழைப்பும் அவ்வளவையும் மீறிக் கொள்ளப்பட்டன. விளைபொருளை ஏற்றிச்சென்று ஏலத்தில் விற்கும் உரிமை, 1824இல் நிறுவப்பெற்ற டச்சு வாணிகக் கழகத்திடம் இருந்தது. 1831 முதல் 1877 வரை இவ்வகையில் டச்சுக் கருவூலத்திற்குச் சென்ற தொகை 80 கோடி கில்டருக்கும் மேற்பட்டது. அந்நாட்டின் பொதுக்கடன் அப்பணத்தால் அடைக்கப்பட்டது, இருப்புப்பாதைகள் அமைக்கப்பட்டன. அதே காலத்தில் சாவகத்தின் நடுப்பகுதியிலுள்ள டெமாக், குரோபோகான் என்னும் மாவட்டங்களில் 1849, 1850 ஆகிய ஆண்டுகளில் மக்கள் பசியால் மடிந்தனர்.

இத்துணைப் பெரிய பொறியை இயக்க ஒல்லாந்தர் சிலரே இருந்தனர். ஆகவே அவர்கள் நாட்டின் பழைய குடித்தலைவர்களை வைத்தே ஆண்டனர். அத்தலைவரை ரீஜண்ட் என அழைத்தனர். நாட்டு மக்கள் வழங்கிய பட்டம் அதிபதி. இச்சொல் நமக்குப் புதியதன்று; வடமொழியிலிருந்து நம் வழக்கிற்கு வந்த அதே சொல்லே அங்கும் சென்று வேரூன்றியிருக்கிறது. அதிபதியின் அருகில் ஓர் ஐரோப்பிய அலுவலர் ‘மூத்த உடன்பிறந்தான்’ போல இருந்து வழிகாட்டுதல் வேண்டும் என்பது அரசின் கொள்கை. அவ்வலுவலர் பதவி ஏற்கும்பொழுது, நாட்டு மக்களைக் கொடுமையினின்றும் காப்பேன் எனச் சூளுரைத்தல் வேண்டும். அதிபதியின்மேல் நடவடிக்கை எடுக்கத் துணிந்தாலோ மேலிடம் விரும்பாது. அதிபதி அரசின் தூண் அல்லவா! சூளுரையை மெய்யாகக் கொள்பவன் இடர்ப்படுவான் என்பது அம்முறையிலேயே அடங்கியிருந்தது.

லெபாக்கின் அதிபதி ராடேன் கர்த்தா நத்தநகர முதியவர், பெருங்குடும்பம் உடையவர், வருவாய் குறைந்தவர். வளமற்ற அம்மாவட்டத்தில் அவர் தம் பெருமைக்கேற்ப வாழ மக்களின் ஊதியமற்ற உழைப்பையும் எருமைகளையும் கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய மருமகனாகிய பாராங்-கூஜாங் வட்டத் தலைவர் இதில் முதல்வர். டெக்கருக்கு முன்பு அப்பதவியிலிருந்த கரோலுஸ் என்பவர் 1855 இறுதியில் திடீரென இறந்திருந்தார்; அவருக்கு நஞ்சிடப்பட்டது என அவருடைய மனைவியார் ஐயுற்றார். முன்னவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் அவ்வம்மையாரின் சொற்களையும் அறிந்த டெக்கர், 1856 பெப்ரவரி 24ஆம் நாள் தம் மேலாளரான ரெசிடெண்ட் பிரெஸ்ட் வான் கெம்பனுக்கு எழுதினார். அதிபதி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்றும், விசாரணை நடக்கும்வரை அவரை ரங்காஸ்பித்துங்கினின்றும் அகற்ற வேண்டும் என்றும் கேட்டார். அகற்றாவிடில் சாட்சி சொல்ல எவரும் வாய்திறவார் என்பது அவர் கருத்து. ரெசிடெண்ட், சான்றுகளை முதலில் காட்டுக என்றார். டெக்கர், அகற்றினாலன்றிச் சான்று வெளிப்படாது என்றார். செய்தி தலைமை ஆளுநரிடம் சென்றது. அவர் டெக்கரின் செயல்முறையைக் கண்டித்து, அவரை ங்காவி என்னும் வேறிடத்திற்கு மாற்றினார். டெக்கர் மார்ச்சு 29ஆம் நாள் பணியினின்றும் விலக வேண்டி எழுதினார். ஏப்ரல் 4ஆம் நாள் விலகல் ஏற்கப்பட்டது. 17 ஆண்டுப் பணியும் ஓய்வூதியமும் அதனோடு போயின.

மூன்றரை ஆண்டுகட்குப்பின், 1859ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரின் எளிய விடுதி ஒன்றில் தங்கி, சில கிழமைகளில் அவர் இப்புதினத்தை எழுதி முடித்தார். மனைவியும் குழந்தைகளும் அப்பொழுது உறவினர் ஆதரவில் இருந்தனர்.

இனி நூலின் அமைப்பினை நோக்குவோம். பெருங்கொடுமை ஒன்றை எடுத்துரைக்க முற்படும் எழுத்தாளர், கொடுமையிலிருந்தே தொடங்குவதுதான் இயல்பு. முல்தாதுலி அவ்வாறு செய்திலர். நூலின் முதற்பக்கத்தில் நம்மை எதிர்கொள்பவர் பத்தாவுஸ் துரோக்ஸ்டாப்பெல் என்னும் காப்பித் தரகர். லௌரியர் கால்வாய்க்கரை, 37ஆம் எண் என்று தம் முகவரியைச் சொல்லிச் சொல்லி மகிழ்பவர். அவர் பெயருக்கு ‘காய்ந்த அரிதாள்’ என்பது பொருள். பெயரே ஆளைக் காட்டும். புதினமும் கவிதையும் நாடகமும் பொய் என்றும், தாம் மெய்யையே விரும்புபவர் என்றும் அவர் நூல் முழுவதும் அறைகிறார். அப்படிப்பட்டவர் ஏன் நூல் எழுதப் புகுந்தார்? பழைய பள்ளித்தோழன் ஒருவன் தெருவில் எதிர்ப்பட்டான். குளிர்காலத்தில் மேலங்கி இன்றி ஒரு சால்வையை மட்டும் போர்த்தியிருந்தமையால் அவனைச் சால்வைக்காரன் என்றே தரகர் குறிப்பிடுகிறார். அவன் தன் கையெழுத்துக் கட்டு ஒன்றை அனுப்பி, அச்சேற்ற உதவுமாறு வேண்டினான். கட்டினுள் பற்பல பொருள் பற்றிய கட்டுரைகள் இருந்தன. அவற்றின் தலைப்புகள் பக்கக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. படிக்குந்தோறும் நகை விளையும் பகுதி அது. அவற்றிடையே காப்பி வாணிகம் பற்றிய செய்திகளும் கிடந்தன. தரகரின் கண் அதில் நிலைத்தது. தம் இல்லத்தில் தங்கியிருந்த செர்மானிய இளைஞன் ஸ்டெர்னிடம், அக்கட்டிலிருந்து ஒரு நூல் ஆக்குமாறு பணித்தார்.

ஸ்டெர்ன் எழுதத் தொடங்கியதும் காட்சி லெபாக்கிற்கு மாறுகிறது. மாக்ஸ் ஹாவெலார் என்னும் அலுவலர் மனைவியோடும் சிறு மகனோடும் மழையில் நனைந்த வண்டியில் வந்து இறங்குகிறார். மாவட்டத் தலைவர்களைக் கூட்டி நீண்ட உரை நிகழ்த்துகிறார். நாம் அவ்வுலகில் ஆழ்ந்திருக்கும் பொழுது, தரகர் இடையே புகுந்து, இவ்விளைஞன் எழுதுவதில் காப்பி போதவில்லை என முறையிடுகிறார். வாவெலார் என்னும் பாதிரியாரின் சொற்பொழிவை வியந்து எடுத்துரைக்கிறார். சாவக மக்கள் உழைப்பதற்கென்றே படைக்கப்பட்டவர்கள் என்பது அச்சொற்பொழிவின் சாரம். ஹாவெலார், வாவெலார் என்னும் பெயர்களின் எதுகையை ஆசிரியர் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார் என்பது எம் கருத்து. பின்னதற்கு வெற்றுப்பேச்சுக்காரன் எனப் பொருள் தோன்றும்.

இவ்வமைப்பின் பயன் என்ன? கொடுமைக்கு ஆளானவன் தானே தன் கதையைச் சொன்னால் கேட்பவர் இரங்குவர்; இரங்கி மறப்பர். அக்கொடுமையால் பயன்பெறுபவன் வாயிலாகவே கதை வெளிப்படுமாயின், படிப்பவர் தாம் யார் பக்கம் இருக்கிறோம் என எண்ணாமல் இருத்தல் இயலாது. ஆம்ஸ்டர்டாமின் வாசகர் பலர் துரோக்ஸ்டாப்பெலைப் போலவே நன்மக்கள், கடன் வைக்காதவர்கள், ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர்கள், காலைக் காப்பியைச் சுவைப்பவர்கள். தரகர் தீயவர் அல்லர் என்பதே இப்படைப்பின் கூர்மை. அவர் பொய் சொல்வதில்லை. கணக்கில் வாராத எதுவும் மெய்யன்று என்று மட்டும் நம்புகிறார்.

நூலின் நடுவே அமைந்த சாய்ஜா, அதிந்தா என்னும் இருவரின் கதையைப் பலரும் தனியே எடுத்துப் பதிப்பித்துள்ளனர். அதிந்தா என்பது மலாய் மொழியில் இளையாளைக் குறிக்கும் மரியாதைச் சொல். காதலியையும் அச்சொல்லால் விளிப்பர். சாய்ஜாவின் தந்தைக்கு உழுவதற்கு ஓர் எருமை இருந்தது. வட்டத் தலைவன் அதனைக் கொண்டான். முன்னோர் விட்டுச்சென்ற கிரிஸ் என்னும் குறுவாளை விற்று அவன் வேறு எருமை வாங்கினான், அதுவும் கொள்ளப்பட்டது. மனைவி வீட்டார் தந்த வெள்ளிக் கொக்கிகளை விற்று மீண்டும் வாங்கினான். இவ்வெருமைகளுள் ஒன்று, சிறுவன் சாய்ஜாவின்மேல் புலி பாய்ந்தபோது தன் கொம்பால் புலியைக் கிழித்து அவனைக் காத்தது. அதுவும் தலைவனின் ஆட்கள் வந்து கொண்டுபோன ஒன்றே. இறுதியில் விற்பதற்கு ஒன்றுமின்றித் தந்தை ஊரைவிட்டு ஓடினான். தாய் துயரால் மாண்டாள். வளர்ந்த சாய்ஜா எருமைக்குப் பொருளீட்டப் பத்தாவியாவிற்கு நடந்தான். மூன்று ஆண்டு, அஃதாவது 36 திங்கள், கழிந்தபின் கெத்தப்பான் மரத்தடியில் சந்திப்பதாக அதிந்தாவிடம் கூறிச் சென்றான். ஒவ்வொரு பிறைக்கும் அவள் நெல்குற்றும் கட்டையில் ஒரு கோடு கீறி வந்தாள். அவன் மீண்டபோது மரத்தடியில் எவரும் இல்லை. அவள் வீடிருந்த இடமும் இல்லை. எருமையை இழந்த அவள் தந்தை கடல்கடந்து லாம்புங்கிற்குச் சென்று, ஆட்சியை எதிர்த்தெழுந்தோருடன் சேர்ந்துவிட்டார். சாய்ஜா அங்குச் சென்று, டச்சுப் படை அப்பொழுதே கைப்பற்றிய சிற்றூரில் அதிந்தாவின் உடலைக் கண்டான். எதிரே நின்ற வீரர்களின் துப்பாக்கி ஈட்டிகளின்மேல் தானே பாய்ந்து மாண்டான். அடுத்து, அவ்வெற்றியைப் பாராட்டித் தாய்நாட்டில் நன்றி வழிபாடு நடந்ததை ஆசிரியர் இரண்டொரு வரியில் கூறி அமைகிறார். அவர் எங்கும் நீட்டிப் பேசும் இயல்புடையவர். அவ்விடத்தில் மட்டும் சுருங்கச் சொன்னது குறிப்பிடத்தக்கது.

இக்கதை நிகழ்ந்ததா என்னும் வினாவை ஆசிரியரே எழுப்புகிறார். சாய்ஜாவும் அதிந்தாவும் தம் கற்பனை என்பதை அவர் மறைத்திலர். ஆயின் எருமைகள் கவரப்பட்டமை கற்பனையன்று எனக் கூறி, கவரப்பட்டோர் பட்டியலைக் காட்ட வல்லேன் என்றார். 1861இல் வெளியிட்ட ‘காதல் மடல்கள்’ என்னும் அடுத்த நூலில் அத்தகைய பட்டியல் ஒன்றையும் அலுவல் ஆவணங்களையும் சேர்த்து அச்சிட்டார். காதல் மடல் எனப் பெயரிட்ட நூலில் எருமைக் கணக்கு! அவருடைய நோக்கம் இலக்கியப் புகழன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

புதினத்தின் இறுதியில் யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்கிறது. ஆசிரியர் தாமே பேனாவைக் கைக்கொண்டு, ஸ்டெர்னை அனுப்பிவிட்டு, துரோக்ஸ்டாப்பெலை அவருடைய காப்பியிலேயே மூழ்குமாறு விரட்டிவிட்டு, நேரே மூன்றாம் வில்லியம் மன்னரை விளித்துப் பேசுகிறார். தம் பெயரால் மக்கள் ஒடுக்கப்படுவது மன்னரின் விருப்பந்தானோ என்பது வினா. பாராளுமன்றம் செவிசாய்க்கவில்லையாயின், நூலை ஐரோப்பிய மொழிகளில் பெயர்ப்பதாகவும், அதுவும் பயன்படாவிடில் மலாய், சாவகம், சுண்டா முதலிய அத்தீவு மக்களின் மொழிகளில் பெயர்ப்பதாகவும் எச்சரிக்கிறார். கதை மாந்தரைக் கதையினின்றும் வெளியேற்றும் இம்முறை அக்காலத்துப் புதின இலக்கணத்தை உடைத்தது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இதனை உத்தி எனப் போற்றுவர். எமக்கு அது வேறொன்றாகவும் படுகிறது: புதினம் என்னும் போர்வையைத் தாமே களைந்தாலன்றி இதனைப் புதினமென்றே படித்து மூடிவிடுவர் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் மெய்யாயிற்று.

அவ்வாறு ஆனதற்கு நூலின் அச்சு வரலாறும் ஒரு காரணம். டெக்கர் கையெழுத்துப் படியை யாக்கோப் வான் லென்னெப் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். இவ்விடத்தில் டெக்கரின் செயலொன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். குடியேற்றநாட்டு அமைச்சர் ரோக்குசனுடன் இடையாட்கள் வாயிலாகப் பேச்சு நிகழ்ந்தபோது, சாவகத்தில் ரெசிடெண்ட் பதவியும், இழந்த பணி ஆண்டுகளும், முன்பணமும், அரசு விருதும் கிடைக்குமாயின் நூலை வெளியிடாதிருக்க அவர் ஆயத்தமாக இருந்தார். அமைச்சர் இசையவில்லை. டெக்கரை மாசற்ற தியாகியாகக் காட்ட விழைவோர் இதனைக் கூறத் தயங்குவர். தம் செயல் சரியே என்பதை அரசு பதவி உயர்வால் ஒப்புக்கொள்ள வேண்டும் என அவர் கேட்டார் எனச் சமாதானம் கூறுவாரும் உளர். அச்சமாதானம் ஓரளவே பொருந்தும்; விருது எதற்கு என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

வான் லென்னெப் நூலின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். பின்னர் இடப்பெயர்களை நீக்கிப் புள்ளிகள் இட்டார். ஆண்டுகளையும் அவ்வாறே செய்தார். எளிய மக்கள் வாங்க இயலாதவாறு விலையையும் உயர்த்தி வைத்தார். லெபாக் என்னும் பெயர் இருந்தவிடத்தில் முதலெழுத்தும் சில புள்ளிகளும் நின்றால், எந்த மாவட்டம், எந்த ஆண்டு, எந்த அதிபதி என வாசகன் எவ்வாறு அறிவான்? முறையீட்டு மனுவில் ஊரும் நாளும் அழிக்கப்பட்டால் எஞ்சுவது கதையே. டெக்கர் வழக்காடினார்; தோற்றார். 1875ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அவர் தம் கையால் நூலைத் திருத்தி, பெயர்களை மீட்டு, குறிப்புகளும் சேர்க்க இயன்றது. 1881இல் மீண்டும் ஒருமுறை திருத்தினார். மூலக் கையெழுத்துப்படி 1910இல் வெளிப்பட்டது. அதனைக்கொண்டு ஸ்டௌவெலிங் என்னும் பேராசிரியர் 1949இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். பாடபேதங்களை முற்றும் தொகுத்த ஆராய்ச்சிப் பதிப்பு 1992இல் வந்தது. ஏட்டுச் சுவடிகளோடு பழகிய நம்மனோர்க்கு, இந்நூலின் பாட வரலாறு தனியே கற்கத் தக்கது. ஒரு பாடம் மாறியதால் ஒரு மாவட்டத்தின் வழக்கே மறைந்துபோனதற்கு இஃது எடுத்துக்காட்டு.

டெக்கரின் பிற்கால வாழ்வு அலைச்சல் நிறைந்தது. 1862 முதல் 1877 வரை ‘எண்ணங்கள்’ என்னும் பெயரில் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சமயம், கல்வி, பெண்ணுரிமை, அரசியல் முதலிய எல்லாவற்றையும் பற்றிய எண்ணிட்ட குறிப்புகள் அவை. இடையிடையே வௌட்டர் பீட்டர்சே என்னும் சிறுவனின் கதை வளர்ந்து வருகிறது. கற்பனை மிக்க பிள்ளை ஒருவன் ஆம்ஸ்டர்டாமின் குறுகிய இல்லத்தில் மூச்சுத்திணறி வளர்வதை நகையும் இரக்கமும் கலந்து காட்டும் அப்பகுதி, முற்றுப்பெறாது நின்றாலும், ‘மாக்ஸ் ஹாவெலார்’ நூலினும் கலைநயம் மிக்கது எனத் துணிந்து கூறலாம். ‘இளவரசர் பள்ளி’ என்னும் நாடகம் 1875இல் மேடையேறியது. செர்மானியச் சூதாட்ட விடுதிகளில் அவர் இழந்த பொருள் மிகுதி. தீனெ அம்மையார் வறுமையும் பிரிவும் துய்த்து 1874இல் வெனிஸ் நகரில் காலமானார். மறு ஆண்டு டெக்கர் மிமி என்னும் அம்மையாரை மணந்தார். 1881இல் ரைன் ஆற்றங்கரையிலுள்ள நீடர்-இங்கெல்ஹைம் என்னுமிடத்தில் குடியேறி, 1887 பெப்ரவரி 19ஆம் நாள் அங்கே உயிர்நீத்தார். அவர் உடல் கோதா நகரில் எரியூட்டப்பட்டது. அவ்வழக்கம் ஒல்லாந்தரிடையே அக்காலத்தில் அரியது.

அவருடைய உரைநடையைப் பற்றி ஒரு சொல். அக்காலத்து டச்சு உரைநடை மேடைப்பேச்சின் விறைப்பும் பாதிரிமாரின் நீண்ட தொடர்களும் உடையது. பள்ளியில் கற்ற அந்நடையை மறந்து, வாழும் மொழியில் எழுதப் பயின்றவர் முல்தாதுலி. வாசகனை நேரே விளிப்பார். தம்மைத் தாமே இடைமறிப்பார். விளக்கவந்த செய்தியை விட்டு வேறெங்கோ செல்வார். அந்நடையில் அயர்ச்சி தரும் பகுதிகளும் உள. தம் நேர்மையைத் தாமே பலகால் கூறுவது அவற்றுள் ஒன்று.

முறையீடு உண்மைதானா என்னும் வினாவிற்கு வருவோம். டெக்கர் விலகியபின் ரெசிடெண்ட் நடத்திய விசாரணையில் கொடுமைகள் நிகழ்ந்தமை உறுதிப்பட்டது. அதிபதிக்குக் கண்டிப்பு மட்டும் கிடைத்தது; கீழ்நிலைத் தலைவர் சிலர் பதவி நீக்கப்பட்டனர். எனவே அடிப்படைச் செய்தி பொய்யன்று. ஆயினும் ராப் நியூவன்ஹௌஸ் என்னும் அறிஞர், ‘லெபாக் கட்டுக்கதை’ என்னும் தம் நூலில் (1987) வேறொரு கருத்தை வலியுறுத்தினார். சாவகத்தில் பிறந்த அவர், டெக்கர் அந்நாட்டு வழக்காற்றை உணராமல் ஐரோப்பிய அளவுகோலால் அளந்தார் என்றார். தலைவனுக்குக் குடிகள் உழைப்பும் பொருளும் தருவது அங்குத் தொன்றுதொட்ட மரபு. அதனைக் கொள்ளை என்றது அறியாமை என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கலாகாது. மூன்று திங்களில் ஒரு மாவட்டத்தை அறிந்துவிட்டதாகக் கொண்ட அலுவலரின் அவசரம் வெளிப்படை. ஆனால் மரபு என்பது இருபுறமும் கட்டுவது. குடி தருவதற்கு எல்லை இருந்தது. தலைவன் திரும்பச் செய்யும் கடமையும் இருந்தது. அயலார் ஆட்சி அதிபதியின் பின்னே படையுடன் நின்றபோது அவ்வெல்லை போயிற்று. முன்பு கொடுங்கோல் தலைவனைவிட்டுக் குடிகள் வேற்றூர் போகலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் இசைவுச் சீட்டின்றி ஊர்விட்டவனுக்குப் பிரம்படி கிடைத்தது. சாய்ஜாவின் தந்தைக்கு நேர்ந்ததாக முல்தாதுலி கூறுவதும் அதுவே. வழக்காற்றை அறியாதவர் எனப்பட்டவர், வழக்காறு குலைந்த இடத்தைச் சரியாகவே சுட்டியிருக்கிறார்.

அவரிடம் நாம் காணும் குறை வேறிடத்தில் உள்ளது. அவர் ஆட்சியின் முறைகேட்டை எதிர்த்தார், ஆட்சியை எதிர்த்திலர். நல்ல அலுவலர் இருப்பின் ஒல்லாந்தர் ஆட்சி நன்மையே தரும் என எண்ணினார். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவர் ஏழை அதிபதியே. ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைக் கேட்ட சட்டம் பின்னால் நிற்கிறது. நூற்பெயரில் காப்பி ஏலம் வருகிறது. ஆயின் லெபாக் வழக்கு எருமையையும் கூலியற்ற உழைப்பையும் பற்றியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள சங்கிலியைத் துரோக்ஸ்டாப்பெல் என்னும் பாத்திரத்தால் காட்டினாரேயன்றி விளக்கினாரல்லர். லெபாக்கின் மக்களும் சாய்ஜா ஒருவனை விடுத்தால் நூலில் பெரும்பாலும் வாய்பேசாதவரே.

எனினும் நூல்கள் ஆசிரியர் கருதிய எல்லையில் நிற்பதில்லை. கட்டாயப் பயிர் முறை 1870ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்கு இந்நூலே காரணம் எனல் மிகை. தனியார் முதலாளிகள் நிலத்தை வேண்டியதும் பெருங்காரணம். 1901இல் அரசு அறிவித்த ‘அறநெறிக் கொள்கை’யை வகுத்தவர்களின் தலைமுறை இதனைப் படித்து வளர்ந்தது. சாவகத்தில் பெண்கல்விக்கு உழைத்த கார்த்தினி அம்மையார் (1879–1904) முல்தாதுலியை விரும்பிப் படித்ததைத் தம் மடல்களில் குறித்துள்ளார். டெக்கரின் உடன்பிறந்தார் வழிப் பேரனாகிய எர்னெஸ்ட் டௌவெஸ் டெக்கர், 1912இல் இந்தியக் கட்சியை நிறுவி, அத்தீவுகளின் விடுதலையை வெளிப்படையாகக் கேட்டார். பாட்டனார் கேளாததைப் பேரன் கேட்டான். இந்தோனேசியப் புதின ஆசிரியர் பிரமூத்யா ஆனந்த தூர் 1999இல் எழுதிய கட்டுரையொன்றில், குடியேற்ற ஆட்சியைக் கொன்ற நூல் இது எனப் போற்றினார். சொல் சற்று உயர்வு நவிற்சியே. ஆயினும் சொல்பவர் அவ்வாட்சியின் சிறையிலும் இருந்தவர்.

அத்தீவு மக்களின் மொழிகளில் பெயர்ப்பேன் என முல்தாதுலி மன்னரை எச்சரித்தது 1860இல். முழுநூலும் எச். பி. யாசின் என்பவரால் இந்தோனேசிய மொழியில் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது 1972இல். நெதர்லாந்து நாடு அதற்கு அடுத்த ஆண்டு நைஹோஃப் மொழிபெயர்ப்புப் பரிசு வழங்கியது. 1976இல் ரடேமாக்கர்ஸ் என்பவர் இப்புதினத்தைத் திரைப்படமாக்கியபோது, விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் அரசு அதனை 1987 வரை காட்ட விடவில்லை. நாட்டுத் தலைவர் ஒருவர் குடிகளை ஒறுப்பதாகக் காட்டிய படம் அவ்வரசுக்கு உவப்பாக இல்லை. 1988இல் நெதர்லாந்தில், உழவர்க்கு நேரிய விலை தரும் காப்பிக்கென ஓர் அடையாளக் குறி ஏற்பட்டது. அதற்கு மாக்ஸ் ஹாவெலார் என்றே பெயரிட்டனர். துரோக்ஸ்டாப்பெல் இருந்திருந்தால் அதனை நல்ல விளம்பரம் என்றிருப்பார். 2018இல் ரங்காஸ்பித்துங்கில் முல்தாதுலி பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முற்றத்தில் அவருடைய சிலையோடு சாய்ஜா, அதிந்தா இருவருடைய சிலைகளும் வைக்கப்பட்டுள்ளன.